தண்ணீர் பழுப்பானால் தண்ணீர் கெட்டதா?

மலேசியாவில் பகாவ் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: போன வியாழக்கிழமை இரண்டு பேர் அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு கிளாஸில் பைப் தண்ணீரும் இன்னொன்றில் தங்கள் பில்டர் தண்ணீரும் வைத்து ஏதோ கம்பிகளை விட்டார்கள். பைப் தண்ணீர் மட்டும் சேறு மாதிரி ஆனது. அம்மா எஸ்டேட்டில் மருந்து அடித்தவர் என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டு, "அந்த மருந்துதான் பாட்டி இப்படி வருது" என்றார்கள். பில்டருக்கு 3,200 ரிங்கிட், தவணையில், கையெழுத்தும் போட்டாச்சு. "பேரன் உடம்பைவிடக் காசு பெருசா?" என்று கேட்டபோது பக்கத்திலிருந்த எனக்கே பதில் வரவில்லை. இனி என்ன செய்வது?

சகோதரி, முதலில் காலண்டரை எடுங்கள். வீடு தேடி வந்து விற்றால், 1993 நேரடி விற்பனைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசம் உண்டு. போன வியாழன்தான் கையெழுத்து என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

சரி, அந்தக் கிளாஸுக்கு வருவோம். உள்ளே விட்டது மின்சாரம் பாயும் கம்பிகள், அவற்றில் ஒன்று இரும்பு. பைப் தண்ணீரில் இயல்பாகவே தாது உப்புகள் கரைந்திருக்கும், அதனால் மின்சாரம் நன்றாகப் பாயும், இரும்பு கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த பழுப்பு அந்தக் கம்பியின் துரு, தண்ணீரில் முன்பே இருந்த அழுக்கு அல்ல. பில்டர் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயவில்லை, அதனால் தெளிவாக நின்றது. அவர்கள் மறுபடி வந்தால், நல்ல தண்ணீர் என்று காட்டும் கிளாஸில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அவர்களையே செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

அம்மாவை ஏமாளி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கண்ணால் பார்த்ததை அவர் நம்பினார், அதில் தப்பில்லை. பார்த்ததற்கும் அவர்கள் சொன்னதற்கும் நடுவே ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது, அதை மருந்து அடித்த காலத்துப் பயம் நிரப்பிவிட்டது. பேச்சு மூன்று வழியாக மனதுக்குள் வரும் என்று அரிஸ்டாட்டில் 2,300 வருடங்களுக்கு முன்பே பிரித்துச் சொன்னார்: பேசுகிறவர்மேல் வரும் நம்பிக்கை, கேட்கிறவரின் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம். "பாட்டி" என்று கூப்பிட்டது முதல் வழி. மருந்துப் பேச்சு இரண்டாவது. காரணம் என்று அவர்கள் கையில் இருந்ததெல்லாம் அந்தத் துருதான்.

பேரனா காசா என்ற கேள்விக்குப் பதில் வராததில் ஆச்சரியமே இல்லை, அது பதில் சொல்ல விடாமல் கட்டிய கேள்வி. காசு என்றால் கல்நெஞ்சம், பேரன் என்றால் கையெழுத்து. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது, நாலு கடையில் விலை கேட்பது, எதுவும் வாங்காமல் இருப்பது என்று வேறு வழிகள் இருப்பதையே அது மறைத்துவிடுகிறது. அந்த மாதிரி இடத்தில் பதில் தேடாதீர்கள். "இந்த பில்டர் இல்லாவிட்டால் பேரனுக்கு என்ன ஆகும், எந்த ஆய்வுக்கூடம் இந்தத் தண்ணீரைச் சோதித்தது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், ரத்துக் கடிதத்தை இன்றே எழுதுங்கள். ஒப்பந்த எண், கையெழுத்துப் போட்ட தேதி, "ரத்து செய்கிறேன்" என்ற வரி, அம்மாவின் கையெழுத்து, அது போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதையும் ஒரு நகலையும் பத்திரமாக வையுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரை வழக்கை எடுக்கும், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், அம்மாவே போய்ப் பேசலாம்.