பி.இ. முடித்துவிட்டு வேலையில்லை: உதவித்தொகை வருமா, ஓசூர் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகலாமா?

ஊர் தர்மபுரி, மெக்கானிக்கல் முடித்து 2 வருடம், கையில் வேலையில்லை; அரசு உதவித்தொகை வருமா, ஓசூர் கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்டில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை உங்களுக்கு வராது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பி.ஏ., பி.எஸ்சி. மாதிரிப் படிப்புகளுக்கு. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் படித்தவர்களை விதியே கழித்துவிடுகிறது. பதிவை மட்டும் 3 வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள்.

ஓசூர் விஷயத்தில் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஏஜென்சி வழியாகக் கம்பெனிக்குள் போய் ஒரு வருடம் ஓட்டிவிட்டு, அப்புறம் நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் தொழில் பயிற்சித் திட்டத்தில் அப்ரண்டிஸாக விண்ணப்பம் போட்டால் எடுக்க மாட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவருக்கு அதில் இடமில்லை. அதனால் முதலில் நாட்ஸ், பிறகு கான்ட்ராக்ட். பல அறிவிப்புகளில் கடந்த 5 ஆண்டுக்குள் முடித்தவர்களைத்தான் கேட்கிறார்கள். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தனியார் ஆலைகளோடு நிற்காமல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தர்மபுரி மண்டல அறிவிப்பையும் பாருங்கள்.

2019 விதியில் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் பாதி அரசின் பங்கு. அந்தப் பங்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும். நம்மாட்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். மார்க் ஷீட்டில் 'எம்.சக்திவேல்', ஆதாரில் 'சக்திவேல் மாரியப்பன்', பாஸ்புக்கில் வெறும் 'சக்திவேல்' என்று இருந்தால் பணம் தொங்கும். விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயமில்லை, அந்தக் கணக்கில் இருக்காதீர்கள்.

'அப்ரண்டிஸ்' என்று வாயால் சொல்லிவிட்டு ஏஜென்சி ரோலில் ஏற்றுவதும் நடக்கும். அடையாளம் சுலபம்: சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை. சம்பள ஸ்லிப்பில் பிடித்திருந்தால் நீங்கள் கான்ட்ராக்ட் தொழிலாளி. நாட்ஸ் ஒப்பந்த எண் இல்லையென்றால் முடிவில் சான்றிதழும் இல்லை.

இன்னொன்று, பி.இ.யை மறைத்து பிளஸ் டூ சான்றிதழைக் காட்டி ஆபரேட்டராகச் சேர்வது. படித்தவன் நிலைக்க மாட்டான் என்று கம்பெனிகள் தவிர்ப்பதால்தான் பையன்கள் இப்படிச் செய்கிறார்கள், குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் நிறுவனப் பெயரும் பதிவாகிவிடும். நாளைக்கு இன்ஜினியர் வேலைக்குப் போகும்போது சரிபார்ப்பில் அது வெளியே வரும். அனுபவக் கடிதத்திலும் 'ஆபரேட்டர்' என்றே இருக்கும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் குவாலிட்டி, மெயின்டனன்ஸ் பக்கம் கேளுங்கள். சம்பளம் பேசும்போது கேன்டீன், பஸ் பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வரும் என்பதையும், ஆர்டரில் முதலாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.