80 வாட் வேப் மாட் 60-லேயே ஏன் திணறுகிறது?

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறேன். ஒரே ஒரு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) போடும் 80 வாட் ரெகுலேட்டட் மாட் வைத்திருக்கிறேன்; அதாவது இ-சிகரெட்டுக்கு மின்சாரம் தரும், சிப் உள்ள கருவி. 24 கேஜ் தடிமனுள்ள காந்தல் என்ற சூடேறும் கம்பியில், திரவத்தை ஆவியாக்கும் இரட்டைக் காயில் சுற்றினேன்; 0.27 ஓம் காட்டுகிறது. பாதி சார்ஜ் இருக்கும்போதே, 60 வாட்டைத் தாண்டினால் ‘வீக் பேட்டரி’ என்று வருகிறது. ஓம் குறைந்துவிட்டதுதான் காரணமா?

பதில்: காயில் மேல் குற்றமில்லை. ரெகுலேட்டட் மாடில் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே சிப் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் போகும் என்பது நீங்கள் வைக்கும் வாட்டைப் பொறுத்தது. ஓம் எதுவானாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

கணக்கை எப்போதும் பேட்டரி இறங்கிய நிலையில் போடுங்கள். பல மாட்கள் 3.2 வோல்ட் அருகே நிறுத்திக்கொள்ளும். சிப்பில் ஒரு 10 சதவீதம் வீணாகும். 80 வாட்டை 3.2-ஆலும் 0.9-ஆலும் வகுத்தால் கிட்டத்தட்ட 28 ஆம்பியர். சாம்சங் 30க்யூ போன்ற 3000 எம்ஏஎச் (கொள்ளளவு) பேட்டரி தொடர்ந்து தரக்கூடியது 15 ஆம்பியர். அதாவது சுமார் 43 வாட். அதற்கு மேல் இழுத்தால் வோல்ட் சட்டென்று சரியும், சிப் அதைத் தீர்ந்த பேட்டரியாக எடுத்துக்கொள்ளும். 25 ஆம்பியர் தரும் சோனி விடிசி5ஏ என்றால் 72 வாட் வரை போகலாம். அதில் 2600 எம்ஏஎச்தான், சீக்கிரம் சார்ஜ் போட வேண்டிவரும். பெட்டியில் 80 என்று அச்சிட்டிருப்பது சிப்பின் திறன். பேட்டரிக்கும் அது பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். உறையில் 9900 எம்ஏஎச் என்று பொய்யாகப் போட்ட பேட்டரியைக் கையிலேயே தொடாதீர்கள்.

உங்கள் காயிலுக்கு 80 வாட் தேவையும் இல்லை. 3 மில்லிமீட்டர் குச்சியின் மேல் 6 சுற்று சுற்றினால் ஒரு காயில் சுமார் 0.54 ஓம், இரண்டும் சேர்ந்து 0.27. இரண்டின் மேற்பரப்பு சுமார் 210 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.2 வாட் வைத்தால் 42 வாட். 35-இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சும் பஞ்சு கருகும் வாடை வந்தால் ஏற்றியது அதிகம், அல்லது பஞ்சை நெருக்கமாகத் திணித்திருக்கிறீர்கள்.

ஓம் பொருட்படுத்த வேண்டிய இடம் சிப்பின் வெளியீட்டு எல்லை. எல்லை 25 ஆம்பியர் என்றால் 0.1 ஓம் காயிலுக்கு 62.5 வாட்தான் கிடைக்கும். 2 ஓம் காயிலுக்கு 40 வாட் வேண்டுமானால் சுமார் 9 வோல்ட் தேவை. பல சிப்களால் அது முடியாது. திரையில் ஓம் 0.27, 0.35, 0.22 என்று தாவினால் திருகு தளர்ந்திருக்கிறது.

கேள்வி: இதே காயிலை மெக்கானிக்கல் மாடில் போடலாமா?

பதில்: 30க்யூவோடு கூடாது. அங்கே சிப் இல்லை. இப்போது ஓம்தான் எல்லாம். முழு சார்ஜில் 4.2-ஐ 0.27-ஆல் வகுத்தால் 15.6 ஆம்பியர், எல்லையைத் தாண்டியாயிற்று. இன்னும் மெல்லிய 26 கேஜில் அதே 6 சுற்று இரட்டைக் காயில் 0.42 ஓம் வரும், 10 ஆம்பியர்தான். ஹைப்ரிட் தலை (ஊசி பேட்டரியை நேரடியாகத் தொடும் அமைப்பு) உள்ள மாட் என்றால், காயில் இருக்கும் டேங்கின் நடு ஊசி சுற்று விளிம்பைவிடத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரடி ஷார்ட், பேட்டரி வெடிக்கும்.

கேள்வி: ஊருக்கு வரும்போது சென்னைக்குக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். 2019 சட்டப்படி இந்தியாவில் இ-சிகரெட் இறக்குமதிக்கே தடை. சிங்கப்பூர் வழியாக வந்தாலும் சிக்கல்தான், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.