பழைய காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் எந்தப் பாகத்தை மாற்றுவது?

சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் 13 வயதுக் கார், செக் எஞ்சின் விளக்கு வந்து வந்து போகிறது, எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். விளக்கு வரும்போது நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். நிலையாக எரிந்து, கார் வழக்கம்போல் ஓடினால் ஓரிரு நாளில் வொர்க்‌ஷாப் போனால் போதும். மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத கோளாறு, கடுமையாக இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். உடனே வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள்.

போன வருடம் தீவு விரைவுச்சாலையில், நல்ல மழையில், எனக்கு இதுதான் நடந்தது. ஸ்டீயரிங் வரைக்கும் நடுக்கம். பயந்துவிட்டேன், பின்சீட்டில் அம்மா வேறு. இழுவை வண்டியில் வீடு சேர்ந்து, டாஷ்போர்டுக்குக் கீழே, காரின் கணினியைப் படிப்பதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகினேன். பி0302 என்ற கோளாறு எண் (கோட்) வந்தது, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஒரு வொர்க்‌ஷாப்பில் காரைப் பார்க்காமலே, நாலு காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது), நாலு பிளக் (தீப்பொறி தருவது), இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பது) எல்லாம் மாற்றவேண்டும் என்றார்கள்.

மனசு ஒப்பவில்லை. சின் மிங் வட்டாரத்தில் மெக்கானிக்காக இருக்கும் ஒரு சீன அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டாவதில். கணினியில் இருந்த கோட் எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவந்தோம். இப்போது பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, ஆகக் காயில்தான் கெட்டிருக்கிறது. இடம் மாறாமல் பி0302 என்றே வந்திருந்தால் பிளக், இன்ஜெக்டர் பக்கம் தேடவேண்டும். கழற்றிய காயிலின் ரப்பர் குழாயை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்: முடி அளவுக்கு ஒரு விரிசல், அதை ஒட்டிக் கறுப்பாகத் தீய்ந்த கோடு. ஒரு காயில் மாற்றினோம். பிளக்குகள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்ததால் நாலையும் மாற்றச் சொன்னார். தேய்ந்த பிளக் புதுக் காயிலையும் வாட்டும், அதனால் அந்தச் செலவு நியாயம்தான்.

கோட் பி0420 என்று வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். விலை அதிகமான பாகம். அதை மாற்றுவதற்கு முன்னால், புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா, கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சரியான அளவைக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 10 வயது தாண்டிய காருக்கு வருடா வருடம் ஆய்வு உண்டு, அதில் புகையும் சோதிப்பார்கள். ஆகவே கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், விளக்கு அணையட்டும் என்று பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று கணினி குறித்துவைத்திருக்கும். வயரைக் கழற்றினால் அந்தக் குறிப்பும் போய்விடும். மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் தடயமே அதுதான்.