பெற்றோருக்கு லோயர் பெர்த்: ஒரே டிக்கெட்டில் எல்லோரையும் சேர்க்காதீர்கள்

கேள்வி: நான் 47 வயதுப் பெண். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. மகனையும் சேர்த்து நான்கு பேருக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரே டிக்கெட்டாகப் பதிவு செய்தேன். அப்பாவுக்கு மிடில், அம்மாவுக்கு அப்பர் விழுந்தது. மூத்த குடிமக்களுக்கு லோயர் பெர்த் தருவார்கள் என்கிறார்களே?

பதில்: தருகிறார்கள். நீங்கள் பதிவு செய்த விதத்தில்தான் அது கைநழுவிப் போயிருக்கிறது.

60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 நிறைந்த பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில லோயர் பெர்த்கள் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன. ஸ்லீப்பரில் ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து இருக்கும். ஆனால் அந்த வயதுக்காரர் தனியாகவோ, அப்படிப்பட்ட இருவர் மட்டும் ஒரே டிக்கெட்டிலோ பதிவு செய்தால்தான் கிடைக்கும். மூன்றாவது ஆளையோ வயது குறைந்த ஒருவரையோ சேர்த்தால் அந்த ஒதுக்கீடு இல்லை. பொது ஒதுக்கீட்டிலும் முதியவர்களுக்குத் தானாகவே லோயர் தரப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் காலி இருந்தால்தான் உண்டு.

நம் ஊரில் வயதானவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடுதான் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்கே இந்த விதி உதவாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றத்தான் வேண்டும்.

அதுவரை இப்படிச் செய்யுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் தேடும்போதே, ஒதுக்கீட்டுப் பட்டியலில் ‘பொது’ என்பதை மாற்றி ‘லோயர் பெர்த் / மூத்த குடிமக்கள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அப்பா அம்மாவுக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் தனி டிக்கெட். பெட்டி வேறாகலாம், அதற்காகத் தயங்க வேண்டாம். வலிக்கிற முட்டியோடு இரவில் ஏணி ஏறி இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். அம்மாவும் நீங்களும் மட்டும் போகும்போது இருவரும் ஒரே டிக்கெட்டில் இதைப் பெறலாம், உங்களுக்கும் 45 தாண்டிவிட்டதே!

அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், பொதுவில் ‘ஒரு லோயர் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ‘லோயர் வேண்டும்’ என்று குறிப்பிடுவது வெறும் விருப்பம்தான், உறுதியில்லை.

கட்டணச் சலுகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. வயதைக் காட்டும் அசல் அடையாள அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், மேல் பெர்த்தே விழுந்துவிட்டாலும் வண்டி கிளம்பியதும் டிடிஆரிடம் கேளுங்கள். லோயர் காலியாக இருந்தால் முதியவர்களுக்கு மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு.