முதலில் மிஷின் வாங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஊரில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் நிறைய. ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகளுக்காகக் கோயில் மண்டபத்துப் பக்க அறையில் தொழில் பயிற்சி மையம் தொடங்க நினைக்கிறோம். ஒருவர் 20,000 வெள்ளி (ரிங்கிட்) தருகிறார். எட்டு தையல் மிஷின், நான்கு கணினி, ஒரு வெல்டிங் செட் வாங்கலாமா?
– இளைஞர் மன்றச் செயலாளர்

பதில்: தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். மிஷின்களை வாங்கி அடுக்கி, ஒய்.பி.யை (மக்கள் பிரதிநிதியை) அழைத்து ரிப்பன் வெட்டி, சில மாதத்தில் பூட்டுத் தொங்கிய மையங்களை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே மிஷினுக்குக் குறைவில்லை. முதலாளி கேட்பது எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ்; மையம் தானே அச்சடித்துக் கொடுத்த தாளை வைத்து என்ன செய்வது?

எஸ்.கே.எம். சான்றிதழ் மனிதவள அமைச்சின் ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) கொடுப்பது. அதற்குப் படிப்பிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். இடம், கருவி, ஆசிரியரின் தகுதி எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைகள் பி.டி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுக்கு மனுப் போடவும் அந்த அங்கீகாரம் வேண்டும். ஓர் அறையை வைத்துக்கொண்டு முதல் வருடமே இதில் இறங்குவது வீண் சுமை.

பிள்ளைகளுக்கு எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும், மீதிதான் வகுப்பு. ஈப்போ வரை உள்ள பட்டறை, தொழிற்சாலை முதலாளிகளைப் போய்ப் பாருங்கள். யார் எத்தனை பேரை எடுப்பார் என்று தெரிந்த பிறகு தொழிலை முடிவு செய்யுங்கள்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிள்ளைகளிடம் தொடங்க மாட்டேன், பெரியவர்களிடம் தொடங்குவேன். எண்ணெய்ப் பனை மில்லில் வருடக்கணக்காக வெல்டிங் செய்த அண்ணன், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய அக்கா, இவர்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. பி.பி.டி. என்ற முன் அனுபவ அங்கீகாரம் இவர்களுக்காகவே இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டாம். செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு என்று ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், அதை மதிப்பிட்டு எஸ்.கே.எம். தருவார்கள். அந்தக் கோப்பைத் தயாரிக்கத்தான் நம் ஆட்கள் திணறுவார்கள். மலாயில் எழுத வேண்டும், ஒழுங்காக அடுக்க வேண்டும். உங்கள் மன்றத்தில் படித்த பிள்ளைகள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நாளைக்குப் பயிற்றுநர் சான்றிதழும் எடுத்துக்கொண்டால், உங்கள் ஆசிரியர்களே இவர்கள்தான்.

வயரிங்கில் மட்டும் கவனம். எஸ்.கே.எம். கையில் இருந்தாலும் வயர்மேனாக வேலை செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தேவை. ஆள் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இலவசம் என்று அறிவிக்காதீர்கள். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர்க்காரரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை: 1960-இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சொந்தக் காசைத்தான் பங்காகப் போட்டார்கள். மாதம் பத்து வெள்ளி வாங்குங்கள், கொடுத்தவர் வகுப்புக்கு வருவார். இன்னமும் தோட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். நன்கொடையில் பெரிய பங்கு பெட்ரோலுக்கும் பி.பி.டி. கட்டணத்துக்கும் போகட்டும். பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு இருட்டுவதற்குள் முடியட்டும், இல்லையென்றால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம், கட்டணம் வாங்குவதற்கு முன் மன்றத்தின் சட்டவிதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தையல் மிஷின் இரண்டு போதும், அதுவும் அந்த அக்காவைக் கேட்டு வாங்குங்கள்.