முன்பிரதி படித்தவர் எழுதிய ரிவ்யூ கடையில் ஏன் ஏறவில்லை? – கேள்வி பதில்

புத்தகம் வெளிவரும் முன்பே வாசகர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பிரதியை ஏ.ஆர்.சி என்பார்கள். நான் முன்பிரதி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சில ஆண்டுகளாக எழுத்தாளர்களுக்காக முன்பிரதி வாசகர் குழுக்களை நடத்துகிறேன். அதற்கு முன் நானே அப்படிப் படித்து எழுதிக்கொண்டிருந்தவள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "போட்ட ரிவ்யூவைக் காணோம்" ரகம் என்பதால் அதிலேயே தொடங்குகிறேன்.

கேள்வி: என் நாவலின் முன்பிரதியைப் படித்து 12 பேர் மதிப்புரை எழுதினார்கள். அமேசானில் 5 மட்டுமே வந்திருக்கின்றன. மற்றவர்கள் எழுதியதில் ஏதாவது தப்பா?

எழுத்தை விடுங்கள். அந்த ஏழு பேருடைய கணக்கை முதலில் பாருங்கள். அமேசான்.காமில் மதிப்புரை எழுத வேண்டுமானால், கடந்த 12 மாதங்களில் அந்தத் தளத்திலேயே கார்டு மூலம் குறைந்தது 50 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்க வேண்டும். தள்ளுபடியில் கழிந்த தொகை இதில் சேராது. மற்ற நாடுகளுக்கான தளங்களிலும் இந்தச் செலவுக் கணக்கு தனித்தனிதான். ஒன்றில் வாங்கியதை இன்னொன்றில் காட்ட முடியாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. என் முதல் குழுவில் ஒரு பெண்மணி நான்கு பத்தி எழுதியிருந்தார். அந்த நாவலைப் பற்றி அவ்வளவு நன்றாக வேறு யாரும் எழுதவில்லை. 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும், அவருடைய கணக்குக்கு எழுதும் தகுதி இல்லை என்று செய்தி வந்துவிட்டது. வீட்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் கணவர் கணக்கிலேயே வாங்குகிறவர் அவர். சொந்தக் கணக்கில் ஒரு பைசா செலவு இல்லை. அதற்கப்புறம் என் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்தது: "உங்கள் பெயரில் உள்ள கணக்கில், எந்த நாட்டுத் தளத்தில், கடைசியாக எப்போது பணம் கட்டி வாங்கினீர்கள்?" பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்பதைவிட இது பயனுள்ள கேள்வி.

கேள்வி: அக்கா, இலவசமாகக் கொடுத்து ரிவ்யூ வாங்குவதையே தடை செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை தம்பி. 2016 அக்டோபரில் அமேசான், இலவசப் பொருளுக்கு ஈடாக எழுதப்படும் மதிப்புரைகளைத் தடை செய்தது. அமேசானே வாசகர்களைத் தேர்ந்தெடுத்துப் பொருளை இலவசமாகக் கொடுக்கும் வைன் திட்டம் மட்டும் விலக்கு. ஆனால் புத்தகங்களின் முன்பிரதி காலங்காலமாக இருக்கும் வழக்கம் என்று அதை அப்போதே தனியாக விட்டுவைத்தார்கள். இன்றும் கொடுக்கலாம். மதிப்புரையைக் கட்டாயமாக்கக் கூடாது, என்ன எழுத வேண்டும் என்று சொல்லவும் கூடாது.

இங்கே ஒரே ஒரு சொல்தான் பலரைக் கவிழ்க்கிறது. "இலவசப் பிரதிக்குப் பதிலாக நேர்மையான மதிப்புரை எழுதியிருக்கிறேன்" என்று வாசகர் நல்லெண்ணத்தோடுதான் போடுகிறார். 'பதிலாக' என்றதுமே அது கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது. "வெளியீட்டுக்கு முந்தைய பிரதி இலவசமாகக் கிடைத்தது. கருத்து என்னுடையது, விருப்பப்பட்டு எழுதுகிறேன்" என்றால் போதும்.

இலவசம் என்பதையே மறைத்துவிட்டால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அமெரிக்காவில் எஃப்.டி.சி என்ற வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல்படி இப்படிப்பட்ட தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். போலி மதிப்புரைகளுக்கு எதிரான அதன் விதியும் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

கேள்வி: வாசகர்கள் படித்து முடித்துவிட்டார்கள். வெளியீட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அமேசான் பக்கத்தில் எழுதவே இடம் இல்லையே?

முன்பதிவில் இருக்கும் புத்தகத்துக்கு அங்கே மதிப்புரை எழுத முடியாது. வைன் வாசகர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு. வாசகர்கள் புத்தகங்களைப் பற்றி எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் இந்தத் தடை கிடையாது, வெளியீட்டுக்கு முன்பே எழுதலாம். அதனால் முதலில் அங்கே எழுதச் சொல்லுங்கள். ஆனால் குட்ரீட்ஸ் 2013 முதல் அமேசானுடையதுதான் என்றாலும், அங்கே எழுதியது தானாக இங்கே வந்து சேராது. வாசகர் மறுபடி வந்து ஒட்ட வேண்டும். மனிதர்கள் மறந்துபோவது இந்த இடைவெளியில்தான்.

நான் செய்வது: எழுதியதைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்வேன். வெளியீட்டு நாள் காலையில் புத்தகப் பக்கத்தின் சுட்டியோடு நான்கு வரி மின்னஞ்சல் போகும். மூன்று நாள் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான், மூன்றாவது அனுப்புவதில்லை. கடன் வசூலிக்கிறவள் மாதிரி ஆகிவிடும்.

சில எழுத்தாளர்கள் மின்னூலை முன்பதிவில் வைத்துவிட்டு, அச்சுப் பதிப்பைச் சில நாள் முன்பே சத்தமில்லாமல் வெளியிட்டுவிடுகிறார்கள். இரண்டு பதிப்பும் ஒரே பக்கத்தில் இணைந்ததும், அச்சுப் பதிப்புக்கு வந்த மதிப்புரைகள் மின்னூலுக்கும் தெரியும். இதில் விதிமீறல் ஒன்றுமில்லை.

கேள்வி: என் மனைவியும் தம்பியும் உண்மையாகவே படித்தார்கள். அவர்கள் எழுதலாமா?

கூடாது. வீட்டார், நெருங்கிய நண்பர்கள் எழுதுவதை அமேசான் ஏற்பதில்லை. உண்மையாகப் படித்தார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை.

கேள்வி: நாங்கள் நான்கு எழுத்தாளர்கள். ஒருவர் புத்தகத்துக்கு ஒருவர் எழுதிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்...

பேசி வைத்ததுதான் தப்பு. எழுத்தாளர் இன்னொரு எழுத்தாளரின் நூலுக்கு மதிப்புரை எழுதத் தடை இல்லை. நீ எனக்கு, நான் உனக்கு என்ற ஏற்பாட்டுக்குத் தடை உண்டு. நால்வரும் ஒருவரை ஒருவர் மட்டுமே புகழ்ந்திருப்பது யார் பார்த்தாலும் கண்ணில் படும்.

கேள்வி: 'சரிபார்க்கப்பட்ட கொள்முதல்' என்ற முத்திரை முன்பிரதி வாசகர்களுக்கு வராதாமே. புத்தக விலையை நானே அனுப்பி வாங்கச் சொன்னால்?

முத்திரைக்கு ஆசைப்பட்டுக் கணக்கை இழக்காதீர்கள். பணம் அனுப்புவது, பரிசு அட்டை கொடுப்பது, பிறகு திருப்பித் தருகிறேன் என்பது எல்லாமே அவர்கள் பார்வையில் கூலி. முத்திரை இல்லாத மதிப்புரையும் மதிப்புரைதான். வெளியீட்டு வாரத்தில் மின்னூல் விலையை எல்லோருக்குமாகக் குறைத்து வையுங்கள். முன்பிரதி படித்தவர்களில் பிடித்துப்போன சிலர் தாங்களாகவே வாங்குவார்கள்.

கேள்வி: மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே என்றால் பொதுவில் போடாமல் எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பதில் என்ன தவறு? மரியாதையாகத்தானே கேட்கிறேன்?

மரியாதையாகக் கேட்டாலும் அது வடிகட்டல்தான். வாசகர் கருத்தைத் திருப்ப முயல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலே அதற்குச் சாட்சியாகவும் இருக்கும்.

கேள்வி: கணக்கும் சரி, உறவும் இல்லை. ஆனாலும் நிராகரித்துவிட்டார்கள். வேறு என்ன காரணம் இருக்கலாம்?

அப்போதுதான் எழுத்துக்கு வர வேண்டும். உள்ளே சொந்த வலைப்பூ சுட்டி இருக்கிறதா? பார்சல் தாமதம், விலை அதிகம் என்று புத்தகத்தை விட்டு விலகியிருக்கிறாரா? தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒவ்வொரு நாட்டுத் தளமும் தான் ஆதரிக்கும் மொழிகளில் உள்ளதை மட்டுமே ஏற்கும். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லாத தளத்தில் தமிழில் போட்டால் நிற்காது.

திருத்தி மறுபடி அனுப்புவதோ, ஏன் என்று கேட்பதோ எழுதிய வாசகர்தான் செய்ய வேண்டும். எழுத்தாளர் நடுவில் புகுந்தால், "இவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?" என்ற கேள்விக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். இன்னொரு பெயரில் கணக்குத் திறந்து போடச் சொல்லாதீர்கள். இருக்கிற கணக்கும் போய்விடும்.

கேள்வி: கேடிபி செலக்டில் சேரப்போகிறேன். முன்பிரதிகளை என்ன செய்வது?

செலக்ட் என்பது மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டம். அதில் சேர்ந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. பத்து சதவீதம் வரை மாதிரியாகக் காட்டலாம். அதனால் நெட்கேலி, புக்ஃபன்னல் போன்ற முன்பிரதி வழங்கும் தளங்களில் வைத்திருக்கும் கோப்புகளைச் சேர்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி: முதல் மதிப்புரையே இரண்டு நட்சத்திரம். "பிழை மலிந்த புத்தகம்" என்று எழுதியிருக்கிறார். அவர் படித்தது மெய்ப்புப் பார்க்காத முன்பிரதி! நீக்கச் சொல்லலாமா?

சொல்ல முடியாது, அவரோடு வாதத்துக்கும் போகாதீர்கள். அடுத்த முறை முன்பிரதியின் முதல் பக்கத்திலேயே "மெய்ப்பு முடியாத பிரதி, இறுதிப் பதிப்பில் மாற்றங்கள் இருக்கும்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். இப்போதைக்கு, அவர் சொன்ன பிழைகள் விற்பனைப் பிரதியிலும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இதே கோபத்தோடு தேடிப் பார்த்தார். இரண்டாம் அத்தியாயத்தில் நாயகியின் பெயர் இரண்டு விதமாக இருந்தது, விற்பனைப் பிரதியிலேயே. அன்றிரவே கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினார்.