மூன்று முறை பேரிங் மாற்றியும் அதே உறுமல்: வண்டியை விற்க வேண்டுமா?

கேள்வி: 2024 மார்ச்சில் ஒரு 2017 மாடல் ஹேட்ச்பேக் வாங்கினேன். அப்போது 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு இடது முன்சக்கர பேரிங்கை மூன்று முறை மாற்றிவிட்டேன். நாலைந்து மாதத்தில் மறுபடியும் உறுமல் வந்துவிடுகிறது. 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று பயம். வாங்கித் தந்த புரோக்கரோ, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். இதை நம்பி ஓட்டலாமா? – வேளச்சேரி வாசகர்

பதில்: மூன்று முறையும் ஒரே சக்கரம் என்பதால் வெள்ளப் பயத்தை முதலில் விடுங்கள். ஓடிச் சூடான ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) தண்ணீரில் முங்கினால், பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆனால் வெள்ளம் ஒரு சக்கரத்தோடு நிற்காது. இன்று ஒன்று, சில மாதத்தில் இன்னொன்று என்று போகும். 2023 வெள்ளம் நீங்கள் புதிதாகப் போட்ட பேரிங்கைக் கெடுக்கவும் முடியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால், கோளாறு பேரிங் உட்காரும் இடத்தில் இருக்கிறது, அல்லது அதை மாட்டிய கையில் இருக்கிறது.

இந்த அளவு வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன் பேரிங்கை நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் உலோகப் பாகம்) பிரஸ், அதாவது அழுத்தி இறக்கும் இயந்திரம், வைத்துத்தான் இறக்க வேண்டும். பல பட்டறைகளில் பிரஸ் கிடையாது. பழைய பேரிங்கை மேலே வைத்து சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். அந்த அடியில் குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. சாகும் நாள் குறித்துத்தான் அந்த பேரிங் வண்டியில் ஏறுகிறது. ஒழுங்காக மாட்டிய நல்ல பேரிங் நம் ரோட்டிலும் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும். நாலு மாதத்தில் போனதற்கு ரோட்டுப் பள்ளத்தைக் காரணம் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பேரிங்கை எடுத்ததும் நக்கிளின் உள்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி போல வழவழவென்று பளபளத்தால், பேரிங் பிடிமானம் இல்லாமல் உள்ளே சுற்றியிருக்கிறது. அந்த நக்கிளில் எவ்வளவு விலை உயர்ந்த பேரிங் போட்டாலும் நிற்காது, நக்கிளையே மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், லேத்தில் அளந்து பார்த்து வாங்குங்கள். ஆக்சில் நட்டைப் புதிதாகப் போட்டு, சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். பேரிங்கைப் பில்லோடு, சீல் பிரிக்காத பெட்டியாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். போலிச் சரக்கு ஏராளம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், பேரிங் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த டயரும் அச்சு அசலாக இப்படித்தான் உறுமும். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருபக்கமாகத் தடவுங்கள், பிறகு எதிர்ப்பக்கமாக. ஒருபக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல் போலக் கையில் மாட்டினால் சந்தேகம் டயர் மேல்தான். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போனால் அது டயர் சத்தம். சத்தம் முன்னாலேயே இருந்து, அறுபதில் போகும்போது வலப்பக்கம் வளைந்தால் கூடி, இடப்பக்கம் வளைந்தால் குறைந்தால், இடது பேரிங்தான். டயரை மாற்றியிருக்க வேண்டிய வண்டிக்கு இரண்டு பேரிங் போட்டுக் காசு வாங்கிய கதையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புரோக்கர் பேச்சைக் கேட்காதீர்கள். விற்றாலும் அவருக்குக் கமிஷன், அடுத்ததை வாங்கினாலும் கமிஷன். வெள்ளத்தில் நின்றிருந்தால் விற்கும்போதே அவர் சொல்லியிருக்க வேண்டாமா? சந்தேகம் தீர வேண்டுமானால் சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்து, நுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில், அது முன்னும் பின்னும் நகரும் கம்பியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்சியில் தேடிப் பயனில்லை. எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். வெள்ளம் பற்றி ஒரு வரி இருக்காது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் ஃபைலில் இருக்கும் வெள்ள விவரம் வாங்குகிறவர் கண்ணில் படுவதற்கு இன்னும் வழி செய்யவில்லை. இத்தனை வெள்ளத்துக்குப் பிறகும் இதைச் செய்யாதது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நக்கிள் சரியாகி, பிரஸ் வைத்து மாட்டிய பேரிங் ஆறு மாதம் சத்தமில்லாமல் ஓடினால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வேறு சக்கரமும் உறுமினால் அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை, உறுமலோடு மட்டும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள்.